நன்னுவின் பக்கத்தில் ஒரு நாற்காலி: மெல்போர்ன் மேற்கில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற புதன்கிழமை இரவு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஜார்ஜ் கிராஸ் என்று ஒரு பெயர். சிலுவை மதச் சின்னம். விளையாட்டு கிளப்புக்கு அது எதற்கு? அந்தக் காலத்து மால்டாக்காரர்கள் வைத்த பெயர். இன்றைக்கு நம்மைப் போன்றவர்கள்தானே கட்டணம் கட்டுகிறோம்? எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் வைக்கச் சொல்லி மனு கொடுப்போம்." அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் பதினான்கு பேர். "பிள்ளையை இறக்கிவிடுகிறோம், கூட்டிக்கொண்டு வருகிறோம். பெயர் எதுவாக இருந்தால் நமக்கென்ன?" என்று அதன் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்.

எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் அதிகம் வலித்தது. பெயர் பிடிக்கவில்லை என்பவர் பெயரையாவது படித்திருக்கிறார்.

எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். நம் பிள்ளைகளில் சிலர் ஜார்ஜ் கிராஸ் கால்பந்து கிளப்பில் ஆடுகிறார்கள், சிலர் கிரீன் கல்லி என்ற இன்னொரு கிளப்பில். என் மகளும் அவற்றில் ஒன்றில்தான் ஆடுகிறாள். கேட்டருகே அவளை இறக்கிவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்தபடி காரிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெயரின் கதையைச் சொல்லக்கூடியவர் அங்கே இருபது அடி தொலைவில், மடக்கு நாற்காலியில், கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இறங்க வைத்தது கார் பேட்டரி. ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, காலையிலிருந்து தூறல். பயிற்சி முடிந்து வண்டியைக் கிளப்பினால் அசைவே இல்லை. சாலை உதவி வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். குளிர் தாங்காமல் மகளோடு கேன்டீனுக்குள் போனேன். அங்கே அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பஸ்தீட்ஸி இருந்தது. உங்களில் பலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். உள்ளங்கை நீளத்தில், இரு முனையும் கூர்ந்து, நடுவில் உப்பிய படகு போன்ற வடிவம். மாவு ஏடு ஏடாகப் பிரிந்து சட்டையெல்லாம் உதிரும். ஒரு வகைக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, இன்னொரு வகைக்குள் மசித்த பட்டாணி. பட்டாணியில் லேசாகக் கறிப்பொடி வாசம்கூட இருந்தது. என் மகள் ஒரு வாய் கடித்துவிட்டு, "அம்மா, பப்ஸ்!" என்றாள். கவுன்டருக்குப் பின்னால் இருந்த பாட்டி என்னவென்று புரியாமலே சிரித்தார். பணம் கொடுத்தபோது, "முதலில் சாப்பிடட்டும்" என்று கையை ஒதுக்கினார்.

நாற்காலிக்காரர் அப்போது உள்ளே வந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரை 'நன்னு' என்கிறார்கள். மால்டிய மொழியில் அதற்குத் தாத்தா என்று பொருள். தொண்ணூறு வயதை எட்டியவர். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். இலங்கை என்றேன். அவர் முகம் மாறியது. "கொழும்பு! நான் கொழும்பைப் பார்த்திருக்கிறேன்" என்றார். 1954இல், பத்தொன்பது வயதில், கப்பலில் வந்தபோது பார்த்தாராம். சூயஸ் கால்வாய் வழியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்த கப்பல்கள் கொழும்பில் நின்று போவது அந்நாளில் வழக்கம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடையில் அன்னாசித் துண்டு வாங்கித் தின்றதையும், அதுவே வாழ்க்கையில் தான் தின்ற முதல் அன்னாசி என்பதையும், நேற்று நடந்தது போலச் சொன்னார். என் அப்பா பிறந்த ஊரைக் கடந்துதான் இவர் இங்கே வந்திருக்கிறார். அன்றிலிருந்து நான் காரில் உட்காருவதில்லை.

அவரிடம் கேட்டவை, அதன் பிறகு நானே தேடிப் படித்தவை, இரண்டையும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிலுவை. அது மதச் சின்னம் அல்ல, ஒரு வீரப் பதக்கம். இரண்டாம் உலகப் போரில், 1940இல், இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. போர்க்களத்துக்கு வெளியே உயிரைப் பணயம் வைத்துத் துணிவு காட்டுகிறவருக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த விருது அதுதான். தனி மனிதர்களுக்கு என்று ஏற்பட்ட அந்தப் பதக்கத்தை, 1942 ஏப்ரல் 15 அன்று ஒரு தீவு முழுமைக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் தீவுதான் மால்டா.

மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளம். 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போர் அறிவித்தது, மறுநாளே அங்கே குண்டு விழுந்தது. பிறகு ஜெர்மன் விமானங்களும் சேர்ந்துகொண்டன. இரண்டரை ஆண்டுகள் முற்றுகை. மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உள்ளே வாழ்ந்தார்கள். 1942 ஏப்ரல் 7 அன்று தலைநகர் வாலெட்டாவின் ஓபரா மாளிகை தரைமட்டமானது. இரண்டு நாள் கழித்து மோஸ்டா என்ற ஊரில், மாலைப் பூசைக்காக ஏறத்தாழ முந்நூறு பேர் கூடியிருந்த தேவாலயத்தின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்தது. விழுந்தது, உருண்டது, வெடிக்கவில்லை. அதற்கு ஆறாம் நாள்தான் பதக்க அறிவிப்பு.

பதக்கம் வந்தபோது தீவில் ரொட்டிக்கு மாவு இல்லை. அந்த ஆகஸ்டில் பிரிட்டன் பதினான்கு சரக்குக் கப்பல்களை அனுப்பியது. ஐந்துதான் கரை சேர்ந்தன. கடைசியாக வந்த ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல், முழுகும் நிலையில், இரு பக்கமும் வேறு கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, ஆகஸ்ட் 15 அன்று துறைமுகத்துக்குள் நுழைந்தது. அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். நன்னுவுக்கு அப்போது ஏழு வயது. கோட்டைச் சுவரில் ஏறி நின்று எல்லோரும் அழுதுகொண்டே கை தட்டினார்கள் என்றார். சொல்லும்போது அவர் கை தட்டிக் காட்டினார், சத்தம் வராமல், மெதுவாக.

மால்டாவின் தேசியக் கொடியைப் பாருங்கள். வெள்ளையும் சிவப்பும். கொடிக்கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் ஒரு சிறிய சிலுவை இருக்கும். அதே பதக்கம்தான். 1964இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அதை அவர்கள் எடுக்கவில்லை. மன்னர் கொடுத்தார் என்பதற்காக வைத்திருக்கவில்லை. பசித்துக் கிடந்தபோதும் பணியவில்லை என்பதற்கு அது சாட்சி.

அந்த மக்களில் சிலர் 1940களின் இறுதியில் மெல்போர்னுக்கு வந்து ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அவர்களை இந்த நாடு எப்படி வரவேற்றது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பின்னால், 1916க்குப் போக வேண்டும். முதல் உலகப் போரின் நடுவே, ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கலாமா என்று பிரதமர் பில்லி ஹியூஸ் பொதுவாக்கெடுப்பு நடத்திய நேரம். வாக்கெடுப்பு நாள் அக்டோபர் 28. நம் ஆட்கள் போருக்குப் போய்விட்டால் அவர்கள் வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்ய வெளியாட்களைக் கொண்டுவருவார்கள் என்று தொழிலாளர்களிடையே அச்சம் பரவியிருந்தது. சரியாக அந்தச் சமயத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டியர்களோடு வந்தது. கப்பலின் பெயர் கான்ஜ். பிரெஞ்சு மொழியில் நம் கங்கை நதிக்கு அதுதான் பெயர்.

மால்டியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். சட்டப்படி தடுக்க முடியாது. ஆகவே எழுத்துத் தேர்வு வைத்தார்கள். 1901ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, அதிகாரி தான் விரும்பும் ஐரோப்பிய மொழி எதிலும் ஐம்பது சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். இந்த 214 பேருக்கும் டச்சு மொழியில் தேர்வு வைத்தார்கள். ஒருவரும் தேறவில்லை. கப்பல் அவர்களை நியூ கலிடோனியாவின் நூமேயாவுக்குக் கொண்டுபோனது. பிறகு சிட்னிக்குக் கொண்டுவந்து, துறைமுகத்தில் ஒரு பழைய கப்பல் கூட்டுக்குள் அடைத்து வைத்தார்கள். 1917இல்தான் மண்ணில் கால் வைக்க விட்டார்கள்.

தமிழர்களாகிய நாம் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். அந்தத் தேர்வு ஆசியர்களை வெளியே நிறுத்துவதற்கென்றே செய்யப்பட்ட கதவு. 1958 வரை அது சட்டத்தில் இருந்தது. நம் தோலைப் பார்த்தே மூடியிருக்கக்கூடிய கதவை, மால்டியர்களின் முகத்திலும் ஒருமுறை அறைந்து மூடினார்கள். அவர்கள் தட்டித் தட்டித் திறந்த பிறகு, பல பத்தாண்டுகள் கழித்து, நாம் புள்ளிக் கணக்குப் பார்த்து விசா வாங்கி விமானத்தில் வந்து இறங்கினோம்.

1948இல் ஆஸ்திரேலியாவும் மால்டாவும் உதவிப் பயண ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகுதான் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1966இல் மால்டாவில் பிறந்தவர்கள் மட்டும் இந்நாட்டில் 55,000க்கு மேல் இருந்தார்கள். அவ்வளவு சிறிய தீவுக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை! பலர் நாம் இன்று வாழும் இந்த மேற்குப் பக்கத்துக்குத்தான் வந்தார்கள். சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ், டியர் பார்க், கீலர். மற்றவர்கள் விரும்பாத கல்லும் காற்றும் நிறைந்த சமவெளி. நிலம் மலிவு, தொழிற்சாலை பக்கம். மனையின் பின்பக்கத்தில் முதலில் ஒரு சிறு குடில் போட்டுக்கொண்டு, சம்பளம் வர வர முன்பக்கத்தில் வீட்டைக் கட்டுவார்கள். செயின்ட் ஆல்பன்ஸில் சில பழைய வீடுகளின் பின்னால் அந்தக் குடில்கள் இன்னும் நிற்கின்றன. நம்மவர்கள் அதை ஸ்டோர் ரூம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இவர்களுக்குக் கால்பந்து கிளப் எதற்கு என்று புரிய வேண்டுமானால் மால்டாவின் ஊர்களைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவாலயம், ஒரு வாத்தியக் குழு மன்றம், ஒரு கால்பந்து அணி. ஸ்லீமாவுக்கும் ஃப்ளோரியானாவுக்கும் ஆட்டம் என்றால் குடும்பத்துக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும். கிஸீராவில் இருந்த எம்பயர் ஸ்டேடியத்தில் புல்லே கிடையாது. கெட்டி மண் தரை. விழுந்தால் தோல் உரியும். அந்தத் தரையில் ஆடிப் பழகியவர்கள் மெல்போர்னுக்கு வந்தபோது, இங்கே எல்லோரும் முட்டை வடிவப் பந்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். உருண்டைப் பந்தை ஆடியவர்களை இழிசொல்லால் அழைத்தார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே கிளப் என்பது அவர்களுக்கு வெறும் அணியாக இருக்கவில்லை. ஊர் மன்றமாக இருந்தது. வேலை எங்கே இருக்கிறது, வாடகை அறை யாரிடம் இருக்கிறது, படிவத்தை யார் நிரப்பித் தருவார், எந்தக் கப்பலில் யார் வருகிறார் எல்லாம் அங்கேதான் தெரியும். பகலில் தொழிற்சாலை, செவ்வாய் வியாழன் இரவுகளில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். ஆட்டக்காரருக்குக் கையில் கொஞ்சம் பணம் கிடைக்கும், பிழைக்கப் போதாது. திங்கட்கிழமை காலை மீண்டும் அதே இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். இன்றைக்கும் இந்த நிலைக் கிளப்களின் முதல் அணியில் ஆடுகிறவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள்.

ஜார்ஜ் கிராஸ் அப்படித்தான் வளர்ந்தது. 1955இல் இன்னொரு மால்டியக் கூட்டம் அஜாக்ஸ் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய கிரீன் கல்லி. அதற்கு மறு ஆண்டு சிட்னியின் மேற்கில் மெலிட்டா ஈகிள்ஸ் பிறந்தது. மெலிட்டா என்பது மால்டாவின் பழைய லத்தீன் பெயர். மூன்று கிளப்கள், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இனி 1964. இந்த ஆண்டை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. செப்டம்பர் 21 அன்று மால்டா சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு ஜார்ஜ் கிராஸ், நாடு முழுவதிலுமிருந்து கிளப்கள் மோதிய ஆஸ்திரேலியா கோப்பையை வென்றது. அந்தக் கோப்பை 1962இலிருந்து 1968 வரை ஏழு முறை நடந்தது. ஏழு முறையும் குடியேறியவர்கள் தொடங்கிய கிளப்களே வென்றன. யூகோஸ்லாவியர், செக்கர், மால்டியர், யூதர், இத்தாலியர், ஹங்கேரியர். இழிசொல் கேட்டவர்கள்தான் இந்த நாட்டுக் கால்பந்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 2022இல் தேசியக் கோப்பைக்கு மீண்டும் ஆஸ்திரேலியா கோப்பை என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த முறை அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது பிள்ளையிடம் சொல்லுங்கள்: இந்தப் பெயரில் ஒரு கோப்பை உன் பேட்டையின் கிளப்புக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது.

1984இல் தேசிய லீக்கை இருபத்து நான்கு அணிகளாக விரித்தார்கள். கிரீன் கல்லி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் விக்டோரியா மாநிலத்தின் முதன்மை லீக்கை வென்றிருந்தது. சன்ஷைன் ஜார்ஜ் கிராஸ், கிரீன் கல்லி, மெலிட்டா ஈகிள்ஸ் மூன்றும் ஒரே ஆண்டில் தேசிய லீக்கில் நுழைந்தன. கிரீன் கல்லி மூன்று பருவங்கள் ஆடியது. ஜார்ஜ் கிராஸ் 1990களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது. அதன் மைதானம் அப்போது சன்ஷைனில், சாப்ளின் ரிசர்வ். பெரிய அரங்கம் அல்ல. ஆட்டக்காரர் விடும் மூச்சு கேட்கும் தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த மைதானத்தில் 1980களின் இறுதியில் ஒரு பையன் பெரியவர்களோடு ஆடத் தொடங்கினான். மால்டியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்தவன். பெயர் கெவின் மஸ்கட். பிறகு அவர் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆடினார். ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கினார். 2001 நவம்பரில், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் உருகுவேக்கு எதிராகப் பெனால்டி அடித்து அணியை வெல்ல வைத்தார். மெல்போர்ன் விக்டரியின் தலைவராகப் பட்டங்கள் வென்றார். பயிற்சியாளராக ஜப்பானிலும் சீனாவிலும் லீக் பட்டம் வென்றார். ஆடுகளத்தில் அவர் முரட்டுத்தனமானவர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் முதன்முதலில் பெரியவர்களோடு ஆடியது எந்த ஜெர்சியில் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏனென்றால் நமக்கே தெரியாது.

இப்போது பெயருக்கு வருகிறேன். பெயரை மாற்றச் சொல்வது புதிய யோசனை என்று நினைத்திருப்பீர்கள். இது பழைய காயம். 1990களில் கால்பந்து நிர்வாகம் கிளப்களை இனப் பெயர்களையும் சின்னங்களையும் விட்டுவிடச் சொல்லி நெருக்கியது. அந்தக் கிளப்கள் கலகத்துக்கு இடம் கொடுக்கின்றன, பொது மக்கள் வர அஞ்சுகிறார்கள் என்பது காரணம். கலகம் சில இடங்களில் நடந்தது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைப் பஸ்தீட்ஸி விற்ற பாட்டிகளும் சேர்ந்து கொடுத்தார்கள். மெலிட்டா என்ற சொல் போய், பாராமட்டா ஈகிள்ஸ் ஆனது. அஜாக்ஸ் போய், கிரீன் கல்லி காவலியர்ஸ், அதாவது குதிரை வீரர்கள், ஆனது. 1530இலிருந்து 1798 வரை மால்டாவை ஆண்ட வீரத் துறவிகளை அந்தப் புதுப் பெயரில் நான் காண்கிறேன். பெயரை எடுத்தாலும் நினைவு வேறு வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2004இல் தேசிய லீக் நின்றது. மறு ஆண்டு தொடங்கிய புதிய லீக்கில் பழைய குடியேறியோர் கிளப்கள் எதற்கும் இடம் இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஆட்டக்காரர்களை வளர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். 2014இல் மீண்டும் ஒரு விதி வந்தது. புதிய பெயரிலும் சின்னத்திலும் இனம், நாடு, மதம், அரசியல் எதுவும் தெரியக்கூடாது. ஐந்து ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்த பிறகு, 2019இல் அதை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் இடம் கொடுத்தபடியே தன் வரலாற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்ற திசைக்கு வந்தார்கள். நிர்வாகமே தவறென்று கண்டு கைவிட்டதை, குடியேறிகளாகிய நாம் கையில் எடுத்து மனு எழுதப் போகிறோமா? அந்தப் பதினான்கு பேரிடமும் நான் கேட்க விரும்புவது இது ஒன்றுதான்.

2023இல் இரண்டாம் நிலை தேசியப் போட்டிக்கு எட்டு அடித்தளக் கிளப்களை அறிவித்தார்கள். அவற்றில் இத்தாலியர், கிரேக்கர், குரோவேசியர், மாசிடோனியர் தொடங்கிய கிளப்கள் இருந்தன. மால்டியக் கிளப் ஒன்றுகூட இல்லை. பணமும் அரங்கமும் கேட்கும் போட்டி அது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்று நன்னு பேசவில்லை. வழக்கமாக எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறவர்.

ஜார்ஜ் கிராஸ் இன்று சன்ஷைனில் இல்லை. பெயருக்கு முன்னால் காரலைன் ஸ்பிரிங்ஸைச் சேர்த்துக்கொண்டு, ஃப்ரேசர் ரைஸில் சிட்டி விஸ்டா மைதானத்தில் இருக்கிறது. சுற்றிலும் புது வீடுகள், நம் வீடுகள். கிளப் மேற்கே நகர்ந்து நம் வாசலுக்கே வந்துவிட்டது. அவர்கள் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டபோது எந்த மொழியிலும் தேர்வு வைக்கவில்லை.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். வாடகை வகுப்பறை, சம்பளம் வாங்காத ஆசிரியர்கள், காலை ஏழு மணிக்கு மேசை நகர்த்தும் அப்பாக்கள். நாற்பது ஆண்டு கழித்து அங்கே வேறு பிள்ளைகள் வந்து நிறைந்து, அவர்களின் பெற்றோர், "தமிழ் என்ற சொல் எதற்கு, பொதுவாக ஒரு பெயர் வையுங்கள்" என்று மனு கொடுத்தால், அன்று மூலையில் உட்கார்ந்திருக்கப்போகும் கிழவி நான்தான். நீங்கள்தான்.

மனுவை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதோடு நிறுத்தினால் நான் பாதிதான் கேட்டதாகும். கட்டணம் கட்டுவதோடு நம் பங்கு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கேன்டீன் முறைப்பட்டியலில் நம் பெயர்கள் ஏன் இல்லை? கோடு போடும் இயந்திரத்தைப் பனியில் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு எழுபது வயது. முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். ஒரு முனையில் கயிற்றைப் பிடிக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். நம்மில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், இணையதளம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கமிட்டியில் நம்மில் ஒருவரும் இல்லை. பெயரைப் பற்றி உண்மையிலேயே மாற்றுக் கருத்து இருந்தால், உறுப்பினராகி, பத்து ஞாயிற்றுக்கிழமை வேலை செய்துவிட்டு, பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும். நானும் எழுந்து நின்று மறுத்துப் பேசுவேன்.

இன்னொன்று அவசரமானது. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் மால்டிய வம்சாவளியினர் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். ஆனால் மால்டாவிலேயே பிறந்தவர்கள் 35,000 அளவுக்குக் குறைந்துவிட்டார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள். கோப்பையை வென்ற ஆண்டைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இருக்கிறார்கள். நான் பேசிய மூவரில் ஒருவர் ஏப்ரலில் காலமானார். அவர் வீட்டில் ஓர் அட்டைப் பெட்டி நிறையப் பழைய டிக்கெட்டுகளும் படங்களும் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று அவருடைய மகளுக்குத் தெரியவில்லை.

பயிற்சி நேரத்தில் காரில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு போனை வைத்து ஒரு பெரியவரின் கதையைப் பதிவு செய்துவிடலாம். நான் இதுவரை நான்கு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். மால்டிய இளைஞர்கள் இருவர் மொழிபெயர்க்க முன்வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் உணர்ச்சிவசப்பட்டால் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தங்கள் மொழிக்குப் போய்விடுகிறார்கள், நம் பெரியவர்களைப் போலவே. படங்களை ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும். அடிக்குறிப்பு எழுத ஆள் வேண்டும். ஆங்கிலம் நன்றாக எழுதும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்! சேகரித்தவற்றைக் கிளப்பிடமே ஒப்படைப்போம். அவர்கள் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி. உறுப்பினர் படிவம் கேன்டீன் கவுன்டரில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் போகிறேன். என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, பேட்டரியும் புதிது. வருகிறவர்கள் குழுவில் எழுதாமல் எனக்கு நேராகச் சொல்லுங்கள். நன்னுவுக்குப் பக்கத்தில் உட்கார மடக்கு நாற்காலிகளைச் சேர்த்து ஏற்றி வருகிறேன்.

அன்புடன்,
பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் இடது பக்கம் ஆடும் பெண்ணின் அம்மா